குளிக்கத் தடை உள்ள நாள்

சவூதியில் தம்மாமிலிருந்து திரும்பி வந்த நாலு மாதத்தில், முஃபீத் ஒரு டீயை முழுசாக உட்கார்ந்து குடித்ததாகத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பாதியில் எழுந்து வாசலுக்குப் போவான். போனை எடுப்பான், வைப்பான். டூர் ஓட்டப் புதிதாக வாங்கிய வேனைத் துடைப்பான், துடைத்த வேனையே மறுபடியும் துடைப்பான். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஓவியக் கண்காட்சிக்கு ஆள் கூட்டிப்போகிற யோசனை எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? சும்மா இருக்க முடியாததால்தான் வந்தது.

குற்றாலத்தில் மழை கொஞ்சம் கூடினால் போதும், வெள்ளம் என்று சொல்லிப் போலீஸ் அருவியை மறித்துவிடும். குளிக்க வந்த சனம் எண்ணெய் தேய்த்த தலையோடு வேனுக்குள்ளேயே அடைந்து கிடக்கும். அருவிக்குப் போகிற வழியில் ஒரு மண்டபத்தில் சென்னைக்காரர்கள் நவீன ஓவியக் கண்காட்சி போட்டிருந்தார்கள். படம் படமாகக் கூட்டிப்போய் விளக்கிச் சொல்ல, இலத்தூர்ப் பெண் அபர்ணா அங்கே இருந்தாள். அருவிக்குத் தடையென்றால் ஆட்களைக் கண்காட்சிக்குத் திருப்பிவிடலாம்! அடடா, இது இத்தனை வருஷம் ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே என்று முஃபீத் குதித்தான்.

குதிக்கக் காரணம் இருந்தது. அவன் மனைவி சஃப்ரினின் அண்ணன் துல்கர்னைன் கையில் ஒரு விசா தயாராக இருந்தது. "இந்த டூரு சோலி ஓடிட்டுன்னா விசாவ வேற ஆளுக்குக் குடுத்துருதேன். ஓடலைன்னா பொட்டியக் கட்டு மாப்ள" என்று சொல்லிவிட்டான். முஃபீதுக்கு மறுபடி போக மனசே இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான் என்று ஊர் பேசுமே! சஃப்ரின் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பார்த்தான். அவளோ எப்போது கேட்டாலும் "ஒங்க இஷ்டம்" என்றாள். அது அவனை அரித்துத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை சஃப்ரினோடு தெருப் பெண்களையெல்லாம் வேனில் ஏற்றினான். முன் சீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஹைருன் பீவி மாமி. பின்னால், சோலி ஓடுகிறதா என்று நேரில் பார்க்க துல்கர்னைன். குற்றாலத்தில் நுழைந்ததுமே தடை என்று தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான் முஃபீத்.

"குளிக்க விடமாட்டேங்கான், இந்தப் பய அல்ஹம்துலில்லாஹ்ங்கான்! ஏலே, ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா?" என்றாள் மாமி.

ஒருவழியாக எல்லாரையும் மண்டபத்துக்குள் தள்ளிவிட்டான். முதல் படத்தில் மூன்று கறுப்புக் கோடுகள், வேறொன்றும் இல்லை. "இதுல உங்களுக்கு என்ன தெரியுது?" என்று அபர்ணா கேட்டாள்.

"எங்களுக்குத் தெரியுதது இருக்கட்டும். நீ சொல்லு தாயி, அதுக்குத்தான இவன் கூட்டியாந்திருக்கான்" என்றாள் மாமி. எல்லாரும் சிரித்தார்கள்.

முஃபீத் மட்டும் சிரிக்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். தலைகளை எண்ணினான், ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினான், அப்போதும் குறைந்தது. அபர்ணாவின் காதருகே போய் "சுருக்கச் சொல்லும்மா" என்றான். சுருக்கிச் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று பயந்து, "நல்லா விரிவாச் சொல்லும்மா" என்றான். துல்கர்னைன் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாவது படத்தில் எல்லாம் கெட்டது. ஆட்டோக்கார இசக்கிராஜா வாசலில் தலையை நீட்டி, "தடைய எடுத்துட்டாவ! பொம்பளைய பக்கமும் விட்டாச்சு!" என்று கத்தினான்.

அவ்வளவுதான். அபர்ணாவின் வாக்கியம் பாதியில் நின்றது. மண்டபம் காலி.

"மாமி! ஒரு பத்து நிமிசம் மாமி!" என்று முஃபீத் பின்னாலேயே ஓடினான்.

"படம் எங்கன ஓடப் போவுது? தண்ணிய மறுபடி அடைச்சிட்டாம்னா நீயா தொறந்து விடுவ?" என்று சொல்லிக்கொண்டே மாமி போய்விட்டாள். பெண்கள் குளிக்கிற பக்கம் அவன் எப்படிப் போவது? சாரலில் நனைந்தபடி நின்றான். தோளில் துண்டோடு வந்த துல்கர்னைன், "என்ன மாப்ள, பொட்டியக் கட்டிருவமா? குளிச்சிட்டு வாரேன், ஒரு முடிவச் சொல்லு" என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

அபர்ணாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று முஃபீத் திரும்பி வந்தான். உள்ளே பெரிய சாம்பல் நிறப் படம் ஒன்றின் முன்னால் சஃப்ரின் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கூட்டத்தை எண்ணியபோதெல்லாம் அவளை விட்டுவிட்டுத்தான் எண்ணியிருக்கிறான்.

"இது அந்திக் கருக்கல் மாதிரி இருக்கு. லைட்டு போடுததுக்கு முந்தி வீடு இப்படித்தான் கெடக்கும்" என்று அவள் அபர்ணாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அபர்ணா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வந்துருவாவ, நான் போயிக் கூட்டியாந்துருதேன்" என்று முஃபீத் படபடத்தான்.

"நில்லுங்க."

"இல்ல சஃப்ரின், ஒரு எட்டு போயி..."

"நில்லுங்கங்கேம்லா!"

அவள் குரல் உயர்ந்து அவன் கேட்டதில்லை. அபர்ணா மெல்ல அடுத்த அறைக்கு நகர்ந்தாள்.

"தெனம் நூறு வாட்டி கேக்கிய, போவவா இருக்கவான்னு. கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்கிதியளா? வாசலுக்குப் போயிருதிய, வேனத் தொடைக்கப் போயிருதிய. போவாதியன்னு நான் யாருட்டச் சொல்லுவேன், செவுத்துட்டயா?" அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்கு நீங்க வேணும். டூரு ஓடுனா ஓடுது, ஓடாட்டிப் போவுது. போவாதிய."

முஃபீத் அவள் பக்கத்தில் வந்து நின்றான். சாம்பல் நிறத்தைத் தவிர அந்தப் படத்தில் அவனுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றான்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்ட துல்கர்னைன் உள்ளே வந்தான். "டூரு ஊத்திக்கிட்டுல்லா மாப்ள? முடிவச் சொல்லு."

"ஊத்திக்கிட்டு மச்சான்."

"அப்ப விசாவ ஒம் பேருக்கே போட்ருதேன்."

"வேண்டாம். ஒங்க தங்கச்சி போவாதியன்னுட்டா" என்றான் முஃபீத். "நான் போவல மச்சான்."