ஒன்றேகால் மணி வாசகி

எங்கள் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தாம் எழுதிய புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாக ஏற்றலாம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். படிக்க வருகிறவர்களிடம் பெயர் கேட்பதில்லை, முகவரி கேட்பதில்லை. தளத்தைக் கட்டியவன் என் கொழுந்தன். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறை; பழுதாகி வந்த கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் அங்கேதான் இருப்பான். ஜன்னலோர மேசை என்னுடையது. கடிதங்கள் என் பொறுப்பு.

தனியுரிமைப் பக்கத்தை எழுதியதும் நான்தான். மற்றவர்கள் முழ நீளத்துக்கு எழுதி வைத்திருப்பார்கள், ஒருவரும் படிப்பதில்லை. நான் இரண்டே வரி எழுதினேன். 'நீங்கள் வந்தது எங்களுக்குத் தெரியும். நீங்கள் யார் என்று பார்க்க மாட்டோம்.' அண்ணி கடிதம் எழுத உட்கார்ந்தால் தபால்காரருக்கே கொட்டாவி வருமே, இது எப்படி இரண்டு வரியில் முடிந்தது என்று கொழுந்தன் கேலி செய்தான்.

நீளமாக எழுதுவேன் என்பது உண்மைதான். எழுத்தாளர்கள் ஒவ்வொருவருக்கும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கடிதம் போகும். நான்கு பேர் படிக்கிற புத்தகத்தை எழுதியவருக்கு நான்கு என்ற எண்ணை மட்டும் அனுப்பினால் மனசு ஒடிந்துவிடும். அதனால் வருகைப் பதிவைப் பார்த்து, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த நேரத்தில், எந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தார்கள் என்று விவரமாக எழுதுவேன். பெயர் சொல்லாதவரை அதில் பிசகு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி மேலே அனுப்புநர், பெறுநர், தேதி. மின்னஞ்சலுக்கு எதற்கு முழு முகவரி என்று கேட்பவர்களிடம், முகவரி இல்லாத கடிதம் மொட்டைக் கடிதம் என்பேன். இன்னொரு விதியும் உண்டு. போகவேண்டியதை அனுப்பிவிட்டுத்தான் வந்ததைப் பிரிப்பேன்.

அந்த விதிதான் என்னைக் கவிழ்த்தது.

'வாசல்விளக்கு' என்ற புனைபெயரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இரண்டு மாதமாகத் தொடர் எழுதிவந்தார். மகளோடு வீட்டை விட்டுப் போன மனைவியை நினைத்து ஒருவன் சொல்லும் கதை. மனைவியின் அம்மா படுக்கையில் கிடக்கிறாள். மருமகன்தான் கஞ்சி ஊட்டுகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் நானும் அழுதேன். பதினோரு பேர் படித்தார்கள். அதில் பத்துப் பேர் எங்கள் ஊர். ஒருவர் மட்டும் ஏழு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஏரிக்கரை ஊர். 'அந்த வாசகர் தினமும் மதியம் ஒன்றேகாலுக்கு வருகிறார். ஏழாம் அத்தியாயத்தை நான்கு தடவை படித்திருக்கிறார். உங்கள் எழுத்து எங்கோ ஒரு இதயத்தைத் தொட்டிருக்கிறது' என்று எழுதி அனுப்பினேன். அவர் பணிவாகப் பதில் போட்டார். அந்த ஊரில் எந்த இடம் என்று தெரிந்தால் புத்தகம் அச்சானதும் ஒரு பிரதி அனுப்பலாமே என்று கேட்டிருந்தார்.

கொழுந்தனைக் கேட்டேன். தலையைத் தூக்காமலே இணைப்பு எண்ணைத் தேடிச் சொன்னான். ஒரு தையல் கம்பெனி. நான் நன்றி சொல்லிவிட்டு, கம்பெனியின் பெயரையும் போட்டு வெள்ளிக்கிழமையே அடுத்த கடிதத்தை எழுதி வைத்தேன். திங்கள் காலை ஒன்பதுக்கு அது போயிற்று. பிறகு டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, பத்து மணிக்கு வந்த கடிதங்களைத் திறந்தேன்.

முதல் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. தளத்தின் கடிதப் பெட்டி வழியாக, பெயரில்லாமல்.

'நீங்க யாருன்னு பார்க்க மாட்டோம்னு போட்டிருந்தீங்க. அதை நம்பித்தான் படிச்சேன். எங்க அம்மாவைப் பத்தித் தெரிஞ்சிக்க எனக்கு வேற வழி இல்ல. ஒன்பதாம் அத்தியாயம் மேல, ஏரிக்கரையில் இருக்கும் என் ஒரே வாசகிக்குன்னு போட்டிருக்கார். நான் இந்த ஊர்ல இருக்கறது அவருக்கு எப்படித் தெரியும்? போன தடவை கண்டுபிடிச்சப்போ கையை உடைச்சார். இந்தத் தடவை குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுவார். தயவு செஞ்சு எதையும் சொல்லிடாதீங்க.'

இரண்டாவது கடிதத்தையும் திறந்தேன். வாசல்விளக்கு, ஒன்பது நாற்பதுக்கு எழுதியது. 'மிக்க நன்றி அம்மா. பஸ் ஏறிவிட்டேன். பிரதியை நேரில் கொடுப்பதுதானே மரியாதை.'

கொழுந்தன் இரண்டையும் படித்தான். கையில் இருந்த திருப்புளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஏழு மணி நேரம் என்றால் நாலரை மணி, பெரும்பாலும் தையல் கம்பெனிகள் விடும் நேரத்துக்கு முன்னால் வாசலில் நிற்பார் என்று நான் கணக்குச் சொன்னேன்.

"உடனே பதில் போடுங்க அண்ணி."

"எங்க போடறது? நாமதான் யாருகிட்டயும் முகவரி வாங்கறதில்லையே."

தெரிந்திருக்க வேண்டியது தெரியவில்லை; தெரியக்கூடாதது அத்தனையும் தெரிந்தது. போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தோம். பெண்ணின் பெயர் கேட்டார்கள், தெரியாது. ஆளின் பெயர் கேட்டார்கள், வாசல்விளக்கு என்றேன். அந்தப் பக்கம் ஒருவர் இன்னொருவரிடம் அதைத் திரும்பச் சொல்லிச் சிரித்தது கேட்டது. கம்பெனியைக் கூப்பிடலாம் என்றான் கொழுந்தன். யாரைக் கேட்பது? ஓடிவந்த பெண் யாராவது உங்களிடம் வேலை செய்கிறாளா என்றா? அது ஊர்முழுக்கத் தமுக்கடித்த மாதிரி. வாட்ச்மேன் காதில் விழுந்தால், நாலரைக்கு வந்து கேட்கிறவருக்கு அவரே கைகாட்டிவிடுவார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. பத்தாம் அத்தியாயம் அன்று ஒரு மணிக்கு வெளிவரும்படி அவர் ஏற்றி வைத்திருந்தார். பயந்துபோனவள் வருவாளா என்பது தெரியாது. வந்தால், அந்தக் கம்பெனி இணைப்பில் வருகிறவர்களுக்கு மட்டும் கதைக்குப் பதில் வேறொரு பக்கத்தைக் காட்ட முடியும் என்றான் கொழுந்தன். கதையை முன்கூட்டியே திறந்து பார்த்தேன். அதில் அந்த அம்மாவைக் கொன்றிருந்தார். மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே உயிர் போனதாக எழுதியிருந்தார்.

நான் எழுதினேன். பக்கம் பக்கமாக எழுதிய கை, அன்று சில வரிகளோடு நிறுத்திக்கொண்டது. அனுப்புநர் போடவில்லை.

'கடிதம் கிடைத்தது. கதை எழுதியவருக்கு நீங்கள் வேலை செய்யும் இடம் தெரியும். சொன்னது நான். இன்று நாலரை மணிக்கு அங்கே வருகிறார். குழந்தையை அழைத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள். கதையை நம்பாதீர்கள்.' கீழே என் போன் எண்.

ஒரு மணிக்கு இருவரும் திரையின் முன் உட்கார்ந்தோம். புதிதாக யார் வந்தாலும் வருகைப் பதிவில் ஒரு வரி கூடும். ஒன்றேகால் ஆயிற்று. ஒன்று இருபது. எங்கள் ஊர்க்காரர் யாரோ ஒருவர் வந்து பத்தாம் அத்தியாயத்தைப் படித்தார். கீழே கண்ணாடிக் கடையில் ஒரு கிழவர் எழுத்துப் பலகையைத் தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்றரை. கொழுந்தன் நகத்தைக் கடித்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு என் நகத்தைக் கடித்தேன்.

ஒன்று முப்பத்திரண்டுக்கு அந்த வரி வந்தது. ஏரிக்கரை ஊர், தையல் கம்பெனி. அரை நிமிடத்தில் படித்துவிடக்கூடிய பக்கம். நான்கு நிமிடம் திறந்திருந்தது. பிறகு மூடியது.

படித்தது அவள்தானா, பக்கத்தில் இருந்த வேறு யாராவதா? இரண்டரைக்குப் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தேன். பஸ் நிலையத்துச் சத்தம், ஒரு குழந்தை ஏதோ கேட்டுச் சிணுங்குவது, அப்புறம் மெல்லிய குரல்.

"எங்க அம்மா இருக்காங்களா?"

"எனக்குத் தெரியலம்மா. அவரு எழுதினதுல எது நெசம்னு எனக்குத் தெரியாது. வேற யார் போன்லயாவது பக்கத்து வீட்டைக் கேளுங்க. கதையில தேடாதீங்க."

"சொன்னது நீங்கதானா?"

"நான்தான்."

குழந்தையை ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். பிறகு, "இனிமே யாருக்கும் சொல்லாதீங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

பழக்க தோஷம், என் கை அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்திருந்தது. பேனாவை வைத்தேன். போனிலிருந்து எண்ணை அழித்தேன். கொழுந்தனிடம், வருகைப் பதிவை முழுசாக அழி, இனிமேல் எழுதாதபடியும் செய் என்றேன். அழித்துவிட்டால் அவள் திரும்ப வந்தால்கூட நமக்குத் தெரியாதே அண்ணி, நல்லபடியாக இருக்கிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றான். தெரியவேண்டாம் என்றேன்.

"அதுவும் சரிதான். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்று சொல்லிவிட்டு அழித்தான். பத்தாம் அத்தியாயத்தையும் சேர்த்து அந்தத் தொடர் முழுவதையும் தளத்திலிருந்து எடுத்தோம்.

ஆறு மணிக்கு, கதவைப் பூட்டலாம் என்று எழுந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்தது.

'கம்பெனி விட்டுக் கடைசி ஆள் போகும்வரை நின்றேன் அம்மா. மதியம் ஒருத்தி பாதி வேலையில் எழுந்து போய்விட்டாளாம். என் கதையையும் காணவில்லை. இரண்டுக்கும் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரும்பும் பஸ் ஏறிவிட்டேன். நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முகவரிதான் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் இருக்கிறதே.'

கொழுந்தன் அதை இரண்டு தடவை படித்தான். ஏழு மணி நேரம். இந்தத் தடவை போலீஸ் நிலையத்தில் சொல்வதற்கு எங்களிடம் ஒரு பெயர் இருந்தது, என்னுடையது. கடிதத்தை அச்செடுத்து மடித்துப் பையில் வைத்தேன். படியிறங்கும்போது, கண்ணாடிக் கடை வாசலில் யாரோ ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் அதற்குள் வந்திருக்க முடியாது என்று கணக்கு சொன்னது. ஆனாலும் அந்த ஆள் திரும்பி, புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நடந்து போகும்வரை, நாங்கள் இருவரும் நாலாவது படியிலேயே நின்றோம்.