வாசிக்காத பிரதிகள் வீடு திரும்பும்

லவோன்யா ஸ்ட்ரிக்லண்ட் எழுதிய நாவலை வாங்கிப் படிக்காமல் போட்டுவைத்தால், அது ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். படிக்காமலே படித்தேன் என்று சொன்னால் அன்றைக்கே கிளம்பிவிடும். மெம்பிஸ் நகரத்துக் கறுப்பர் குடியிருப்பான ஆரஞ்ச் மவுண்டில் முதன்முதலில் திரும்பியது பாஸ்டர் டெல்ராய் க்ரம்பின் பிரதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சிஸ்டர் ஸ்ட்ரிக்லண்டின் நாவலைப் படித்து மூன்று இடத்தில் கண்ணீர் விட்டேன் என்று அவர் நாக்கூசாமல் சொன்னார். மதியம் லவோன்யா வெண்டைக்காய் வறுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிரதி பார்க் அவென்யூ பேருந்திலிருந்து இறங்கி, தூறலில் நனைந்தபடி நடந்து, மூன்று படி ஏறி, வலைக்கதவின் முன்னால் வந்து நின்றது. விரித்துப் பார்த்த அடையாளமாக முதுகில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை. பேருந்து ஓட்டுநர் ஆல்வின் கேட்ஸ் அதனிடம் டிக்கெட் கேட்கவில்லை, ஏனென்றால் அது உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் வந்தது. அடுத்த வாரம் பாஸ்டர் நாவடக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யாருடைய நாக்கு என்று மட்டும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் லவோன்யாவின் கைப்பழக்கம். தேவாலயத்து விருந்துக்குச் சமைத்துக் கொண்டுபோகிற பெண்கள் பாத்திரத்தின் அடியில் காகித டேப் ஒட்டி, பெயரும் முகவரியும் எழுதிவைப்பார்கள். இல்லாவிட்டால் மக்ரோனி கொண்டுபோன கண்ணாடிப் பாத்திரம் யார் வீட்டு அலமாரியில் போய்க் குடியேறிற்று என்று அடுத்த ஈஸ்டர் வரை தேட வேண்டியதுதான். லவோன்யா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இருபத்தெட்டு வருடமாகக் காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில், ஸ்டியரிங்கின்மேல் நோட்டை வைத்து எழுதிய நாவல் அது. பெயர் ‘மூன்றாம் மாடித் துணிகள்’. ஓட்டல் ஒன்றில் விரிப்பு துவைத்தே காலம் தள்ளிய அவளுடைய பெரியம்மாவின் கதை. அச்சகத்திலிருந்து ஐநூறு பிரதிகள் வந்து இறங்கியதும், கை தன்பாட்டுக்கு டேப்பைக் கிழித்து ஒவ்வொன்றின் கடைசி அட்டைக்குள்ளும் ஒட்டிப் பெயரெழுதிவிட்டது. விற்கிற பொருளில் எவளாவது இப்படி ஒட்டுவாளா என்பது ஐநூறாவது பிரதியில்தான் அவளுக்கு உறைத்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். தேவாலயத்தில் காலியான பாத்திரம் வீடு திரும்பும், இங்கே தொடாத பாத்திரம் திரும்பியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் சீக்கிரமே இதற்குப் பழகிக்கொண்டது. காரின் டிக்கியைத் திறந்து வைத்து அவள் விற்றாள். அதைவிட அதிகமாக மிஸ் ஆர்னெட்டாவின் அழகு நிலையத்தில் விற்றது. தலையில் ட்ரையரைக் கவிழ்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களைவிடச் சிறந்த வாசகர்களை எந்தப் பல்கலைக்கழகமும் வைத்திருக்கவில்லை. தலை காய்ந்த பிறகும் எழுந்திருக்க மறுத்தார்கள். லவோன்யாவின் மைத்துனன் டெர்ரல் மட்டும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு முழுசாகப் படித்ததாகப் பீற்றிக்கொண்டான். அன்று மாலையே கடைசிப் பக்கத்தை அவனிடம் கிழித்துப் போட்டுவிட்டு மீதிப் புத்தகம் வீடு வந்து சேர்ந்தது. கொடுக்கல் வாங்கலில் அது அவ்வளவு சுத்தம்.

ஆனாலும் லவோன்யாவுக்கு ஒரு முள் இருந்தது. நான் எழுத்தாளர் என்று அவள் எங்கே வாயைத் திறந்தாலும் எதிராளி புன்னகையோடு ஒரே கேள்வியைக் கேட்பார்: யார் வெளியிட்டது? நானேதான் என்றால் அந்தப் புன்னகை சுருங்கி, காப்பிக் கோப்பையில் ஈ விழுந்ததைப் பார்ப்பதுபோல ஆகிவிடும். நகரத்துப் புத்தக விழாவில் அவளுக்கு மேசை கிடைத்தது. வாகனம் நிறுத்துமிடத்தில், கழிவறை வண்டிக்குப் பக்கத்தில். அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் தாங்களே அச்சடித்தவர்கள், ஒன்பது பேரும் கறுப்பர்கள். இதை விழாக்குழுவிடம் சொன்னபோது, தற்செயல் என்றார்கள். நகரத்தின் கிழக்கே இருந்த பெரிய புத்தகக் கடைக்காரர், விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்ப வழியில்லாத புத்தகங்களை நாங்கள் எடுப்பதில்லை அம்மணி என்று மூக்கைச் சுளித்தார். லவோன்யா வாய்விட்டுச் சிரித்தாள். அவர் காரணம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவருக்கு விளங்கப் போவதில்லை.

நியூயார்க் பதிப்பகங்கள் பதினான்குக்கு அவள் பிரதி அனுப்பினாள். பதினான்கு கடிதங்கள் வந்தன. உங்கள் குரல் எங்களை உலுக்கிவிட்டது என்றது ஒன்று. பெரியம்மாவின் பாத்திரத்தை மறக்க முடியவில்லை என்றது இன்னொன்று, அந்தப் பெரியம்மாவின் பெயரைத் தப்பாகப் போட்டு. இந்த வருடப் பட்டியலில் இந்த மாதிரி ஒன்று ஏற்கனவே இருக்கிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கறுப்பர் புத்தகம் என்றால் வருடத்துக்கு ஒன்று போதும் என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கடிதத்துக்கும் பின்னாலேயே அந்தந்தப் பிரதியும் டென்னசி நெடுஞ்சாலை வழியாக நடந்து வந்து சேர்ந்தது. ஒன்று உறைகூடப் பிரிக்கப்படாமல், உறையோடு தத்தித் தத்தி வந்தது. அதைப் பார்த்து ஆர்னெட்டாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

“அடியே லவோன்யா, உறையப் பிரிக்கக்கூடத் துப்பில்லாத கூட்டம் அது. அவனுங்க கையால முத்திரை குத்தினாத்தான் நீ எழுத்தாளரா? இங்க நாங்க ட்ரையருக்கு அடியில தலை வெந்துகிட்டுப் படிக்கிறோமே, நாங்க கணக்கில்லையா?”

“நீங்க இல்லாம நான் ஏது, மிஸ் ஆர்னெட்டா? ஆனா அந்தக் கேள்விய ஒரே ஒருத்தராவது கேக்காம இருக்கணும். ஒரு தடவை. அது எனக்கு வேணும்.”

“வேணும்னா வேணும். வாயக் கட்டிக்கிறேன்,” என்றாள் ஆர்னெட்டா. கட்டிக்கொள்ளவில்லை.

மூன்று வருடம் கழித்து, போலீஸ் கையில் ஒரு கறுப்பர் உயிர்விட்ட கோடையில் நாடெங்கும் வெள்ளையர் வீதிகளில் திடீரென்று மனசாட்சி விழித்தது. கறுப்பர் எழுதிய புத்தகம் எதுவானாலும் வாங்கி, முதுகு வெளியே தெரியும்படி அலமாரியில் அடுக்குவது பளபளக்கும் மரத்தரைக்கும் நல்ல சோபாவுக்கும் அடுத்த அவசியமாயிற்று. வருடத்துக்கு ஒன்று போதும் என்றவர்கள் மாதத்துக்கு நான்கு கேட்டு அலைந்தார்கள். உறை பிரிக்காத பதிப்பகத்திலிருந்து விட்னி ஹால்கம் என்ற பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தாள். வருடக்கணக்காக உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று தழுதழுத்தாள். அவளுக்குக் கிடைத்திருந்த பிரதி அந்த நேரம் லவோன்யாவின் சமையலறையில் ஆடும் மேசையின் காலுக்கு அடியில் இருந்தது.

ஒப்பந்தத்தில் லவோன்யா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஒவ்வொரு பிரதியின் கடைசி அட்டைக்குள்ளும் காகித டேப், அதில் அவள் பெயர், முகவரி. ஹால்கம் பரவசப்பட்டாள். எவ்வளவு அசல், எவ்வளவு மண்வாசனை என்று கூட்டம் போட்டுப் பேசி, நிஜ டேப்பையே ஒட்டுவதற்கு ஆள் வைத்தார்கள். ஆரஞ்ச் மவுண்டில்தான் ஆர்னெட்டா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஒட்டாதடீ. பேரும் கெடைக்கும், பட்டமும் கெடைக்கும், யார் படிச்சா யார் படிக்கலன்னு தெரியாமலே நிம்மதியா தூங்கலாம். ஒட்டினா உண்மை நடந்து வந்து வாசல்ல நிக்கும்.”

“தெரியாமலே கும்பிடு வாங்கிக்கிட்டிருக்கவா இருபத்தெட்டு வருசம் எழுதினேன்? ஒட்டட்டும்,” என்றாள் லவோன்யா. ஆனால் அன்றைக்கு மாலை நடையில் அவள் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அத்தனை வருடத்தில் அது முதல் தடவை.

புத்தகம் வெளிவந்து ஆறாம் மாதம் நாட்டின் பெரிய பரிசு ஒன்று அதற்குக் கிடைத்தது. மன்ஹாட்டன் ஓட்டல் ஒன்றில் மதிய விருந்து. லவோன்யா ஈஸ்டர் தொப்பி வைத்துக்கொண்டு போனாள். நடுவர்கள் ஐந்து பேரும் மேடையில் ஆளுக்கொரு பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கோழி வந்தது. உப்பில்லை, மிளகில்லை, கடவுள் பயமும் இல்லை. தலைமை நடுவர் எழுந்து, இந்த நாவலை இரண்டு முறை படித்தேன், இரண்டாம் முறை மண்டியிட்டுப் படித்தேன் என்றார். அவர் முன்னால் இருந்த பிரதி எழுந்து, மேசையின் ஓரத்துக்கு வந்து, விரிப்பைப் பிடித்துக் கீழே இறங்கியது. மற்ற நால்வரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மற்ற நான்கும் இறங்கின.

ஐந்தும் வரிசையாக மேசைகளுக்கு நடுவிலிருந்த வழியில் நடந்தன. அறுநூறு பேரும் பார்த்தார்கள், ஒருவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தொழிலில் அதற்குத்தான் பயிற்சி. ஹால்கம் தன் தட்டிலிருந்த பட்டாணியை எண்ணினாள். தலைமை நடுவர் குரலை உயர்த்தி, எளிய மக்களின் மௌனம் என்று என்னவோ சொல்லிக்கொண்டே போனார். எளிய மக்களில் ஒருவர், எலைஜா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நடுவயதுக் கறுப்பர், தட்டுகளை ஒரு கையில் ஏந்தியபடி சமையலறைக் கதவை முதுகால் திறந்து பிடித்து, புத்தகங்களுக்கு வழி விட்டார். கடைசியாக வந்த பிரதியின் அட்டையை அவர் குனிந்து பார்த்தார். மூன்றாம் மாடித் துணிகள். அதே ஓட்டலின் மூன்றாம் மாடியில் அவர் அம்மா துணி துவைத்தவளோ என்னவோ, யாருக்குத் தெரியும். சட்டென்று அதை எடுத்து மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, பதக்கம் வாங்க மேடைக்கு ஏறியிருந்த லவோன்யாவைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். அவளும் அசைத்தாள். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். பேசச் சொன்னதற்கு, “எம் பாத்திரமெல்லாம் வீட்டுக்குக் கெளம்பிருச்சு, நானும் போறேன், சாப்பாட்டுக்கு நன்றி,” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். நேர்மையான உரை என்று பத்திரிகைகள் பாராட்டின.

அடுத்த வருடம் கடைகளில் விற்ற பிரதிகள் திரும்பத் தொடங்கின. விற்றவை நாற்பதாயிரம், வந்தவை முப்பத்தோராயிரம். வாத்துக் கூட்டம்போல நெடுஞ்சாலை ஓரமாக, அட்டையில் ஒட்டிய பரிசின் தங்க முத்திரையை வெயிலில் மின்னவிட்டுக்கொண்டு வந்தன. லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வழிவிட்டார்கள். வியாழக்கிழமைகளில் கூட்டம் அதிகம் என்பதால் ஆல்வின் கேட்ஸ் பேருந்தின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்தார். ஹால்கமின் சொந்தப் பிரதியும் வந்தது, அதற்குள் அவள் வேறு மனசாட்சிக்கு மாறியிருந்தாள். பாஸ்டர் க்ரம்ப் நிலவறையைக் காலிசெய்து இடம் கொடுத்தார். அவர் இப்போது எல்லாவற்றையும் படிக்கிறார், பேருந்து அட்டவணையைக்கூட. அழகு நிலையத்தில் பெண்கள் சூடான காற்றைக் காட்டி முத்திரைகளை உரித்தெடுத்தார்கள். படிக்கும்போது அது விரலில் ஒட்டுகிறது என்பது ஆர்னெட்டாவின் புகார். உரித்த பிரதிகள் காரின் டிக்கியிலும் பள்ளிப் பேருந்திலும் ஏறி, மெம்பிஸிலிருந்து பர்மிங்ஹாம் வரை ட்ரையர் இருக்கும் இடத்துக்கெல்லாம் போயின. அவற்றில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

நடுவர்களின் பிரதிகளைத்தான் லவோன்யா எண்ணிக் காத்திருந்தாள். விருந்து முடிந்த பன்னிரண்டாம் நாள் நான்கு வந்தன, மூலை மழுங்கி, தாகத்தோடு. ஐந்தாவது வரவில்லை. அந்த வருடம் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. ஒவ்வொரு மாலையும் பேருந்து நிற்கும்போது அவள் வாசலைப் பார்ப்பாள்.

“ரெண்டு வருசமாச்சு, மிஸ் ஆர்னெட்டா. அஞ்சாவது வரல.”

“அப்புறம் என்னடீ,” என்றாள் ஆர்னெட்டா. “யார் வெளியிட்டதுன்னு தட்டு தூக்கின அந்த மனுசன் கேட்டானா?”

கேட்கவில்லை. லவோன்யா அன்று இரண்டாம் நாவலின் முதல் வரியை ஸ்டியரிங்கின்மேல் எழுதினாள். பரிசுப் பதக்கம் நல்ல கனம். வருகிற பிரதிகள் முட்டி மோதாமல் உள்ளே நுழைய, வலைக்கதவு சாத்திக்கொள்ளாதபடி அதைத்தான் தரையில் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள். கதவு அசைவதில்லை.