நான்காவது தடவை செத்தவன்

கியோட்டோ ஸ்டுடியோவில் வாளால் வெட்டுப்பட்டுச் சாவதுதான் என் பிழைப்பு. அதற்கு ஒரு விதி உண்டு. வெட்டு விழுந்ததும் கேமராவுக்கு முதுகைக் காட்டித்தான் விழ வேண்டும். முகத்தைக் காட்டினால் கதாநாயகியை மறைத்துவிட்டான் என்று அடுத்த நாள் வேலை இருக்காது. என் மனைவி ஒதோமி எல்லாப் படத்துக்கும் வருவாள். ஏதாவது ஒரு பிணத்தைக் காட்டி, "அது நீங்கதானே?" என்பாள். ஆமாம் என்று தலையாட்டுவேன். பாதி நேரம் எனக்கே தெரியாது.

அன்றைக்கு வில்லன் நடிகர் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். டைரக்டர் குசுமோத்தோ என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் தொகுஜி, கதாநாயகியோட அப்பாவைக் கொன்னவன் இனிமே நீதான். முகத்தைக் காட்டிச் சாவு. 'உங்கப்பனைக் கொன்னது நான்தான்'னு ஒரு வசனம். சொதப்பினா மறுபடி எடுக்க ஃபிலிம் இல்ல."

இந்த ஒரு தடவையாவது ஒதோமி என்னைத் திரையில் கண்டுபிடித்துவிட வேண்டும்.

ஆனால் எங்கள் ஸ்டுடியோவில் விளக்கை ஒரு பக்கம் வைத்தால், அந்தப் பக்கத்துக் காட்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் நகர்த்துவார்கள். கதையின் வரிசை யாருக்கு வேண்டும்? புதுக் கதாநாயகி மிசாவோ காலையிலேயே என்னை வாயிற்காவலனாக வெட்டினாள், சூதாடியாக வெட்டினாள், படகோட்டியாகவும் வெட்டினாள். கொலைகாரனை இன்னும் வெட்டாமலே, பழிவாங்கி முடித்தவளாக நடந்து போனாள். அதற்குப் பிறகுதான் அப்பாவின் பிணத்தின் மேல் விழுந்து அழுதாள். ஒட்டுமீசையை மாற்றி மாற்றி என் உதடு எரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில், மிசாவோ சோற்றில் தேநீரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"அண்ணே, எங்கப்பா செத்துட்டாரா, இனிமேதானா?"

"செத்துட்டாரும்மா. இப்பதானே அழுதே."

"அந்தப் படகுக்காரனை எதுக்கு வெட்டினேன்?"

எனக்கும் விளங்கவில்லை. "அவன் மூஞ்சி சரியில்ல," என்று சமாளித்தேன்.

கடைசியில் என் காட்சி வந்தது. மேலேயிருந்து காகிதப் பனி கொட்டியது. மிசாவோ வாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெறுப்போடு பார்க்க வேண்டியவள், வழி தவறியவளைப் போலப் பார்த்தாள்.

"நீ யாரு?" என்றாள்.

அப்படி ஒரு வசனமே கிடையாது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் காவலனா, சூதாடியா, கொலைகாரனா? மனப்பாடம் செய்த வரி மறந்தே போனது.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் வெட்டினாள். நான் முகத்தைக் காட்டியே செத்தேன்.

"இது நல்லாயிருக்கே," என்றார் டைரக்டர். "ஆனா அந்தப் பதில் வர்றப்ப அவ முகம்தான் வேணும். மிச்சமிருக்கற துண்டு ஃபிலிம்ல அதை எடுத்துச் சேர்த்துடறேன். உன் குரல் மட்டும் போதும்."

"என் சாவு?"

"உன் காலைக் காட்டிடறேன்யா."

எரிச்சலாக இருந்தது. யாரைத் திட்டுவது? உளறியது நான்தானே.

படம் வெளியானதும் ஒதோமியோடு போனேன். திரை முழுக்க மிசாவோவின் முகம், பனி, "தெரியலம்மா" என்கிற குரல். ஒதோமி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"இது நீங்க," என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"நான்தான் திரையிலயே இல்லையே. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"வீட்ல எதைக் கேட்டாலும் இதே குரல்ல இதைத்தானே சொல்றீங்க."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.