முறை மறந்த நாற்காலிகள்

நகராட்சியின் குடிநீர்ப் பொறியாளருக்குத் தன் மனைவியின் அண்ணனை அடையாளம் தெரியாமல் போனது ஒரு திங்கட்கிழமை, அலுவலக நேரத்தில். வந்தவர் வழக்கம்போல எதிர்நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசைமேல் முழங்கையை ஊன்றி, "மாப்பிள்ளை, நம்ம வீட்டுக்கு ரெண்டாவது இணைப்பு ஒண்ணு போட்டு விடுங்க" என்றார். பொறியாளர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாருங்க? முதல் இணைப்பு எந்தத் தெருவுல இருக்கு?" என்று கேட்டார். கேலி இல்லை, கோபமும் இல்லை. தபால்காரரிடம் பேசுவதுபோல அவ்வளவு பணிவாகக் கேட்டார். அன்று மாலை அலுவலகப் படியில் இறங்கும்போது அதே மனிதரைக் கட்டிப் பிடித்து, "அடடே மச்சான், எப்ப வந்தீங்க? வீட்டுக்கு வராம போகக் கூடாது" என்றார். கண் மருத்துவர் சோதித்துவிட்டுக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, படிக்கட்டில் இருந்தாலும் சரி, நாற்காலியில் இருந்தாலும் சரி, எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லி அனுப்பினார்.

அதுவரை அந்த ஊரில் முறை என்றால் உறவுமுறைதான். வேலைக்கென்றும் ஒரு முறை உண்டு என்பது யாருக்கும் தோன்றியதில்லை. தண்ணீர் திறந்துவிடுபவர் பழைய தலைவரின் சகலை. பிறப்புச் சான்றிதழ் கொடுப்பவள் துணைத்தலைவரின் நாத்தனார். ஊரில் இருந்த ஒரே செய்தித்தாளை நகர்மன்றத் தலைவியின் கணவர் நடத்தினார். அதில் வரும் நகர்மன்றச் செய்தி கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருக்கும்: இன்னார் தலைமையில், இன்னார் முன்னிலையில், அனைவரும் வருக. யாரும் இதைத் தப்பென்று நினைக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தவர்களுக்கு அது வசதி. ஆள் இல்லாதவர்கள் அதைத் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டார்கள்.

பொறியாளருக்கு வந்தது சளி மாதிரி மேசைக்கு மேசை பரவியது. சான்றிதழ்ப் பிரிவுக்காரி தன் சொந்தச் சித்தியிடம், "அம்மா, உங்களுக்கு முன்னாடி நாலு பேர் நிக்கிறாங்க" என்றாள். சித்தி தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். அந்த நாலு பேரில் ஒருத்தி ஒரு தையல்காரி. தன் மகள் பெயரில் விழுந்த எழுத்துப் பிழையைத் திருத்தப் பல வருடங்களாக நடந்தவள். வாங்கி வைத்த தேநீர் ஆறுவதற்குள் சான்றிதழ் அவள் கைக்கு வந்துவிட்டது. அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினாள். "எனக்கு உள்ள யாரையும் தெரியாது! யாரையும் தெரியாது! அப்படியே குடுத்துட்டாங்க!" ஊரே கிளம்பியது. உள்ளே ஆள் இல்லாதவர்கள் எல்லாரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலைவாரி, விருந்துக்குப் போவதுபோல நகராட்சிக்கு வந்தார்கள். அலுவலகத்தில் இத்தனை பேர் சிரித்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பிறகு அது பத்திரிகைக்கும் வந்தது. ஒரு காலை தலைவி இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்தபோது, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: புதிய தண்ணீர்த் தொட்டியில் விரிசல், தலைவி பதில் சொல்வாரா? தொட்டியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் தலைவியின் உடன்பிறந்த தம்பி என்பதும் அதில் இருந்தது. தொட்டியைச் சோதித்த பொறியாளர், நிரப்பினால் தாங்காது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த வாரம் திறப்பு விழா.

"ஏங்க, யாரு எழுதினது இது?"

"நான்தான்" என்றார் கணவர், அவருக்குத் தண்ணீர் ஊற்றியபடி. "உன்கிட்ட கருத்துக் கேக்க ஆள் அனுப்பினேனே, நீ பேச மாட்டேன்னுட்டியாம். சரி, அது இருக்கட்டும். தலைப்பு எப்படி?"

தலைப்பு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தலைவிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அம்மா போன பிறகு அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். தன் நாற்காலியிலும் அது வந்துவிடும் என்று பயந்து, சில நாட்களாகவே அறைக்குள் போகாமல், கோப்புகளைத் தாழ்வாரத்தில் நின்றபடியே பார்த்துவந்தார். கால் வீங்கியது. கேட்டவர்களிடம், உள்ளே காற்று வரவில்லை என்றார். தொட்டிக் கோப்பை மட்டும் கையெழுத்துப் போடாமல் அடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். செய்தி வந்த அன்று யாரிடமும் சொல்லாமல் தொட்டியைப் பார்க்கப் போனார். தூண்களுக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒரு வாசலில் அந்தத் தையல்காரி தையல் இயந்திரத்தின் மிதியை மிதித்துக்கொண்டிருந்தாள். மேலே நிமிர்ந்து பார்த்தால் தொட்டியின் வயிற்றில் விரிசல் மயிரிழையாக ஓடுவது தெரிந்தது.

"வாங்கம்மா" என்று எழுந்தாள் தையல்காரி. "தொறந்ததும் எங்களுக்குத்தானே முதல்ல தண்ணி வரும்? கீழேயே இருக்கோம்ல?"

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். தலைவியால் அங்கே நிற்க முடியவில்லை.

நேராக நகராட்சிக்கு வந்தார். தம்பி தாழ்வாரத்திலேயே காத்திருந்தான். "அக்கா, அந்தப் பொறியாளரை மாத்திடு. அத்தான்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு. என்ன இது, வீட்டு மனுஷரே இப்படி எழுதினா?" என்றான். தலைவி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புருவத்தில் இருந்த பழைய தழும்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"நான் உள்ள போய் உட்காரப் போறேன்டா. அப்புறம் உன்னை எனக்குத் தெரியாது. அதான் இப்பவே ஒரு தடவை நல்லாப் பாத்துக்கறேன்."

"அக்கா, வேண்டாம்."

"பயமா இருந்தா வீட்டுக்குப் போ. இல்லன்னா பின்னாடியே வா."

உள்ளே போய் உட்கார்ந்தார். தம்பி வாசலில் நின்றான். தலைவி கோப்பைத் திறந்து படித்துவிட்டு நிமிர்ந்து, "வாங்க, உட்காருங்க. நீங்கதான் ஒப்பந்தக்காரரா?" என்றார்.

அவன் முதலில் அக்கா என்றான். பிறகு அம்மா போன நாளைச் சொன்னான். தனக்கு அவர் சோறு ஊட்டியதைச் சொன்னான். தலைவி முழுவதும் கேட்டுவிட்டு, "கேக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. உங்க அக்கா நல்லவங்க போல" என்றார். "இப்ப தொட்டியைப் பத்திச் சொல்லுங்க. கம்பி என்ன இடைவெளியில கட்டினீங்க?"

இத்தனை வருடத் தொழிலில் அவனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும், சாப்பிட்டியா, அக்கா சௌக்கியமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பெரிய பெரிய கட்டடங்களைக் கட்டியும் அந்த ஊரில் அவன் தலைவியின் தம்பி மட்டும்தான். இப்போது முதல் தடவையாக ஒருவர் அவனை ஒப்பந்தக்காரர் என்று நினைத்துப் பேசுகிறார். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, உண்மையைச் சொன்னான். கம்பி தள்ளித் தள்ளிக் கட்டியது, மணலைச் சலிக்காமல் போட்டது, காரை இறுகுவதற்குள் பலகையைப் பிரித்தது, எல்லாம். சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது.

"இடிச்சுட்டுத் திரும்பக் கட்டணும். உங்க செலவு. அது முடியறவரைக்கும் வேற வேலை கிடையாது" என்றார் தலைவி.

"சரிங்கம்மா" என்றான் தம்பி.

அன்று மாலை அலுவலகப் படி இறங்கும்போது தலைவிக்கு அவன் ஞாபகம் வந்தது. நடந்ததும் ஞாபகம் வந்தது. படியிலேயே உட்கார்ந்து அழுதார். வெளியே காத்திருந்த தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நல்லாத்தான் கேட்டே அக்கா" என்றான்.

தொட்டியை இடித்த நாளில் பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. கீழே இருந்த வீடுகளைக் காலி செய்து, கயிறு கட்டி, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினார்கள். புழுதி எழுந்ததும் ஊர் ஆர்ப்பரித்தது. இடிவதைப் பார்த்து இவ்வளவு குதூகலித்த ஊர் வேறு எங்கும் இருந்திருக்காது. மறு வருடம் முழுக்கப் பொறியாளர் ஒவ்வொரு சட்டிக் கலவையையும் குனிந்து பார்த்தார். தம்பி ஒவ்வொரு கம்பியையும் தானே அளந்தான். பத்திரிகைக்காரர் வாரா வாரம் வந்து இருவரையும் கேள்வி கேட்டுக் குடைந்தார். பத்திரிகை விற்றுத் தீர்ந்தது. தேநீர்க் கடையில் ஆட்கள் காரை எத்தனை நாள் நனைய வேண்டும் என்று கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள். தண்ணீர் வந்தபோது தையல்காரியின் குழாயில்தான் முதலில் வந்தது. அவள் தெருவையே நனைத்துவிட்டாள்.

அடுத்த தேர்தலில் தலைவி தோற்றார். அவர் கணவரின் பத்திரிகை இரு தரப்பிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தது. சாலை பற்றி எதிராளி சொன்ன பதில் மேலாக இருந்தது. அவ்வளவுதான். அந்த எதிராளிக்கும் இவருக்கும் இருபது வருடப் பகை. மேடைக்கு மேடை இவரைத் திட்டியே வளர்ந்த மனிதர்.

பழைய தலைவியின் வீட்டுத் தெருவில் விளக்கு எரியாமல் போனபோது கணவர், "நீ போகாதே, அவன் வேணும்னே அலைய விடுவான்" என்றார். இவர் போனார். வரிசையில் நின்றார். முறை வந்ததும் உள்ளே போனார். புதிய தலைவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வெறுப்பும் இல்லை, வெற்றிக் களிப்பும் இல்லை. "வாங்கம்மா, உட்காருங்க. என்ன விஷயம்?" என்றார். உறவு மட்டுமில்லை, பகையும் அந்த நாற்காலியில் தெரியாது என்று ஊருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். விளக்குக் கம்பத்தின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, மின் பிரிவுக்கு ஆள் அனுப்பினார்.

"என்ன சொன்னான் அவன்?" என்றார் கணவர்.

"மரியாதையாப் பேசுங்க. அவர் தலைவர்" என்றார் இவர்.

அன்று அந்தி மங்கும் நேரத்தில் அதே தெருவின் முனையில் இவரும் புதிய தலைவரும் எதிரெதிரே வந்தார்கள். இப்போது அவருக்கு இவரை நன்றாகத் தெரிந்தது. வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவரும் விடாமல் திருப்பிக்கொண்டார். அப்படியே ஒருவரையொருவர் தாண்டி நடந்தார்கள், எரிகிற விளக்கின் கீழே.