சிவப்பு மூடி

இந்தக் காலத்தில் யாருக்கும் ஒரு மூடியை ஒழுங்காக மூடத் தெரியவில்லை. மூடியின் திருகுமரை பாட்டிலில் உட்காருகிறதா என்று பார்ப்பதே கிடையாது. கோணலாக வைத்து நாலு திருகு, அவ்வளவுதான். அப்புறம் பூஞ்சை பிடித்துவிட்டது, வண்டு விழுந்துவிட்டது என்று புலம்பல். முப்பத்தெட்டு வருஷம் லேத்தில் மரை வெட்டியவன் நான். கோணல் மூடியைப் பார்த்தால் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று, இப்போது எல்லாரும் வைத்தியராகிவிட்டார்கள். என் மருமகள் சனிக்கிழமைதோறும் நூலகத்து மாடியில் மூலிகை வகுப்புக்குப் போகிறாள். பத்து வகுப்பு முடித்தால் சான்றிதழ் உண்டாம். நான் நாலாம் வகுப்பு வரை போனேன். அதற்கு யாரும் காகிதம் தரவில்லை.

போன புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்படியில் கரகரவென்று சத்தம். மரை மாறி ஏறுகிற மூடியின் சத்தம். என் மனைவி செத்துப்போன நாளிலிருந்து, இந்த இரண்டு வருஷமாக, அது நாலு மணிக்குக் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். ஆள் இருக்காது. அவளுடைய பொடிப் பாட்டில்கள் மேல் தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும்.

இந்தத் தடவை ஆள் இருந்தது. மருமகள் சிவப்பு மூடி பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"இருமல் விடவே மாட்டேங்குது மாமா. இது அத்தையோட அதிமதுரம்தானே?"

சட்டியைத் தட்டிவிட்டேன். வெந்நீர் பாதி என் காலில் கொட்டியது.

"மாமா! என்ன ஆச்சு உங்களுக்கு?"

"அதக் குடிக்காத."

"ஏன்? கெட்டுப்போச்சா?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அதுவரை ஒருத்தரிடமும் சொல்லாததை ஈரத் தரையில் நின்றுகொண்டு சொன்னேன்.

என் மனைவிக்குப் படிக்க வராது. பாட்டிலில் பேர் எழுதி ஒட்டமாட்டாள். சிவப்பு மூடி என்றால் இருமலுக்கு அதிமதுரம். கறுப்பு மூடி என்றால் ஊமத்தை இலைப் பொடி, வீக்கத்துக்கு மேலே பற்றுப் போட மட்டும். வாய்க்குள் போனால் விஷம். அவளுக்கு மூடிதான் பேர். இது எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம், எந்த மூடியும் எந்தப் பாட்டிலுக்கும் சேராமல் பல்லிளித்துக்கொண்டிருந்ததைத்தான். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், உட்கார்ந்து ஒவ்வொரு மரைக்கும் பொருந்துகிற மூடியைத் தேடிப் போட்டேன். ஊமத்தைப் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி அச்சு வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

திரும்பி வந்தவள் தட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று எனக்குக் கோபம். நானும் பேசவில்லை.

அடுத்த வாரம் அவள் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தாள். "சிவப்பு மூடியில ஒரு ஸ்பூன் எடுத்துக் கொதிக்க வைங்க" என்றாள். வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள்.

"இனிக்கலையே."

"மருந்து என்ன மிட்டாயா? குடி."

குடித்தாள். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தாள். இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். துக்கத்துக்கு வந்த அவள் அக்கா, "எழுத்து தெரியாட்டி என்ன, மூடிய வச்சே அத்தனையும் அடையாளம் சொல்லுவாளே" என்று அழுதபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அந்தத் தட்டைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை.

மருமகள் எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. பாட்டிலைத் துண்டில் சுற்றினாள். "சனிக்கிழமை என்கூட வாங்க மாமா."

வகுப்பு நடத்துகிற அம்மா ஒரு மருந்துக் கடையில் நாற்பது வருஷம் மருந்து கலக்கியவராம். சுற்றி ஏழெட்டுப் பேர். ஒரு பஸ் டிரைவர், "ஐயா, தூக்கம் வர்ற இலையா கொண்டு வந்துராதீங்க, எனக்கு வேலை போயிரும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மருமகள் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த அம்மா வெள்ளைக் காகிதத்தில் பொடியைக் கொட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகர்ந்தார். "மஞ்சளா நார் தெரியுது பாருங்க. இது இலை இல்ல, வேரு. அதிமதுரம்." பாட்டிலின் அடியைச் சுரண்டினார். பச்சையாக ஒரு பொருக்கு வந்தது. "இதுதான் இலை. முதல்ல இதுல ஊமத்தை இருந்திருக்கு. யாரோ அதக் கொட்டிட்டு அதிமதுரத்த மாத்தியிருக்காங்க."

மருமகள் என் கையைப் பிடித்தாள். "அத்தைதான் மாமா! ஊர்லருந்து வந்ததுமே பாத்து மாத்திட்டாங்க. நீங்க குடுத்தது நல்ல மருந்து."

"அப்போ ஏன் இனிக்கலன்னு சொன்னா?"

"காய்ச்சல்ல நாக்கு செத்துப்போயிருக்கும் ஐயா" என்றார் அந்த அம்மா. "ஊமத்தைன்னா வாய் வறண்டு, அன்னைக்கே பிதற்றியிருப்பாங்க. பிதற்றினாங்களா?"

பிதற்றவில்லை. தண்ணீர் கேட்டாள். மறுபடி மறுபடி தண்ணீர். பிறகு என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நான் கஷாயம் கொடுத்த மறுநாள், நாலு மணிக்கு, கண்ணயர்ந்திருந்தேன். அடுப்படியில் கரகரவென்று சத்தம். போய்ப் பார்த்தால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தண்ணி குடிக்க வந்தேன்" என்றாள். செம்பு கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறைய இருந்தது.

அன்றைக்குத்தான் மாற்றினாளா? நான் கொடுத்தது விஷம் என்று தெரிந்துகொண்டு, சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாளா?

"நான் குடுக்கறதுக்கு முன்னாடி மாத்தினாளா, பின்னாடியா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கீழே வைத்தார். "பொடி தேதி சொல்லாதுங்களே ஐயா."

"முன்னாடிதான் மாமா" என்றாள் மருமகள். "சத்தியமா."

இவளுக்கு எப்படித் தெரியும்? பத்து வகுப்பில் ஆறுதான் முடித்திருக்கிறாள்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். மருமகள் கூப்பிட்டாள். நிற்கவில்லை. பாதிப் படி இறங்கியிருப்பேன், மேலே யாரோ அந்தப் பாட்டிலை மூடினார்கள். கரகரவென்று கோணலாக ஏறியது. அது அந்தச் சிவப்பு மூடிக்காகவே வெட்டின மாதிரி மரை. கோணலாக ஏற வழியே இல்லை. மணி நாலா என்று நூலகத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தேன்.