துடைத்த வீடு

கணக்கெடுக்க வந்த அதிகாரி வாசலில் நின்று ஷூவைக் கழற்றினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தெரு முழுக்கக் கணுக்கால் சேறு. அதில் சளக் சளக்கென்று மிதித்து வந்தவர், எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்ததும் தயங்கி, குனிந்து லேஸை அவிழ்த்து, காலுறையோடு உள்ளே வந்தார். எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள் அந்தத் தெருவில் ஷூவைக் கழற்றிவிட்டு நுழையக்கூடிய வீடு எங்களுடையது ஒன்றுதான். இரண்டு நாள் முதுகு ஒடியத் தேய்த்த தரை. அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேட்டார். கழுத்தில் கையை வைத்துக் காட்டினேன்.

"கோடு எங்கம்மா?"

"என்ன கோடு சார்?"

"தண்ணி நின்ன கோடு. சுவத்துல இருக்குமே."

"தொடச்சிட்டேன் சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம்கூட இருந்தது. கதவு எங்கே, கட்டில் எங்கே என்று கேட்டார். ஊறி உப்பிப்போனதையெல்லாம் குப்பை லாரியில் ஏற்றிவிட்டதாகச் சொன்னேன். கண்ணால் பார்க்காததை எழுத முடியாது என்றார். தாளில் 'பாதிப்பு இல்லை' என்று எழுதிவிட்டு, வீட்டை நன்றாக வைத்திருப்பதாக என்னைப் பாராட்டிவிட்டு, வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டு போனார்.

இந்தத் தப்பை என்னைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் பதினோரு வருடமாக அறை சுத்தம் செய்கிறேன். ஒரு அறைக்கு இருபது நிமிடம். முந்தின ஆள் அங்கே தங்கியதற்கு ஒரு முடிகூடச் சாட்சியாக மிஞ்சக் கூடாது என்பது எங்கள் மேனேஜரின் ஒரே சட்டம். பூட்டிய அறைக்குள் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள், எதை எந்தத் துணியில் துடைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அருவருப்பே கிடையாது என்று கூட வேலை செய்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அருவருப்பு இல்லாதவளால் இந்த வேலையைச் செய்யவே முடியாது. அந்தக் கறை இன்னும் ஒரு நிமிடம் அங்கே இருக்கக் கூடாது என்கிற வெறியில்தான் கை ஓடும்.

அந்த வெறியோடுதான் வீட்டைத் திறந்தேன். ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. அரிசி மூட்டை ஊதி வெடித்துப் புளித்திருந்தது. வாஷிங் மெஷினுக்குள் செத்த பெருச்சாளி. நான் காய் நறுக்குகிற மேடையில் எந்த வீட்டுக் குழந்தையின் டயப்பரோ ஒன்று விரித்து வைத்த மாதிரி கிடந்தது. கக்கூஸ் எது, சமையலறை எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், ஒரே நாற்றம். சுவரில் என் கழுத்து உயரத்தில், நூல் பிடித்துப் போட்ட மாதிரி, நான்கு பக்கமும் ஒரு பழுப்புக் கோடு. டயப்பரைவிட அந்தக் கோடுதான் எனக்குக் குமட்டியது. என்னைக் கேட்காமல் எவனோ உள்ளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஆயில் பெயிண்ட் அடித்த சுவர் என்பதால் சோடாத்தூளும் பிரஷும் போதுமாயிருந்தது. இரண்டே மணி நேரத்தில் போய்விட்டது.

அந்தக் கணக்கை வைத்துப் போடும் பாதிப்புப் பட்டியலில் பெயர் இருக்கிற வீடுகளுக்குத்தான் வயரிங் ஆட்கள் வருவார்கள். அவர்கள் வந்து ஒயர்களை மாற்றிச் சான்று கொடுத்தால்தான் மீட்டர் பெட்டியின் சீலை உடைத்துக் கரண்ட் கொடுப்பார்கள். கதவும் கட்டிலும் கொடுப்பார்களாம், அது எப்போது வந்தால் என்ன. எனக்கு வேண்டியது கரண்ட். மாமாவுக்காக.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். இடது பக்கம் அசையாது. பேச்சு மெதுவாக, பாதி விழுங்கி வரும். புத்தி மட்டும் என்னைவிடத் தெளிவு. அவருக்கென்று ஒரு காற்று மெத்தை வைத்திருக்கிறோம். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மெத்தை ஒரு பக்கம் உப்பும், ஒரு பக்கம் தாழும், உடம்பில் ஒரே இடம் அழுந்தாது. இரண்டு வருடத்தில் அவர் முதுகில் ஒரு சிவப்புத் திட்டு வர விட்டதில்லை நான். வெள்ளம் வந்த அன்று தெருக்காரர்களும் நானும் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் மெத்தையைச் சுருட்டிப் பரணில் எறிந்தேன். அது அங்கே பத்திரமாக இருந்தது. அவர்தான் முகாமில், பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்பில், சேர்த்துப் போட்ட இரண்டு பெஞ்சின் மேல் கிடந்தார். ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடும். அதுவும் ஆபீஸ் ஃபேனுக்கும் போன் சார்ஜுக்கும். ஒன்பதே நாளில் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண் திறந்துவிட்டது. நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, ஆஸ்பத்திரியில் நடைபாதையில்கூட இடமில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னும் ஒரு வாரம் இப்படியே கெடந்தா எலும்பு தெரிஞ்சிரும்மா. அந்த மெத்தைக்கு ஏதாவது வழி பாருங்க."

முகாமில் எனக்குக் குமட்டியது மாமாவின் புண் இல்லை. அது நான் தினம் கழுவுகிற உடம்பு. மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய பழைய துணிகளைத்தான் தாங்க முடியவில்லை. துவைக்காத உள்ளாடைகள், அக்குள் கிழிந்த சட்டைகள், ஜோடி இல்லாத செருப்பு, ஜரிகை வைத்த ஒரு கோட்டு. வீட்டில் குப்பை போட இடமில்லாதவர்கள் எல்லாம் எங்களுக்குப் போட்டுவிட்டார்கள். லாட்ஜில் அடுத்தவர் அழுக்குக்குச் சம்பளம் உண்டு. இங்கே நன்றி சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு கூட்டம் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தது. போட்டோவுக்காக மாமாவின் கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்தது இடது கையில். இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறை ஒருவன் படத்துக்கு வெளியே மண்டியிட்டு மாமாவின் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அவர்கள் போனபின் மாமா வலது கையால் இடது கையை இழுத்துப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றேன். அவர் முகம் தெளிந்தது. பட்டியலில் பெயர் இல்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

என் கணவர் லாரி ஓட்டுகிறார். பாலம் உடைந்ததால் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ ஏன் கழுவினே?" என்றார்.

"கழுவாம, கும்பிட்டுட்டு நிக்கணுமா?" என்றேன். மேல் முறையீடு மாதிரி ஏதாவது இருக்கும், ஆபீஸில் கேட்டுப் பார் என்றார் கடைசியில்.

தலைமை ஆசிரியர் அறைதான் ஆபீஸ். அங்கிருந்த கிளார்க் நல்ல மனிதர். அல்லது தூக்கம் இல்லாததால் அப்படித் தெரிந்தார். மறு ஆய்வுக்கு எழுதிக்கொண்டார். நாளை மதியம் வேறு அதிகாரி வருவார் என்றார். நான் கிளம்பும்போது கூப்பிட்டு, "அங்க ஏதாவது இருக்கணும்மா. ஒண்ணுமே இல்லாத வீட்டப் பாத்து அவர் என்னத்த எழுதுவார்?" என்றார்.

எங்கள் எதிர்வீடு தையல்கார அக்காவுடையது. அவள் தண்ணீர் வடிந்ததும் வந்து, ஜன்னல் வழியாக ஒரு முறை எட்டிப் பார்த்து, பூட்டை ஆட்டிச் சரிபார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பிப்போனவள். ஒரு கரண்டியைக்கூட எடுத்து நிமிர்த்தி வைக்கவில்லை. அன்றைக்கு அவளைப் பார்த்து நான் முகம் சுளித்தேன், என்ன பொம்பளை இவள் என்று. அதே அதிகாரி அவள் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை; மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றபடியே முழுப் பாதிப்பு என்று எழுதிவிட்டார். வயரிங் ஆட்கள் அவளுக்கு நாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்றாள். பிறகு சாவியை எடுத்து நீட்டினாள். "எங்க வீட்டுல வேண்டிய அளவு இருக்கு. அள்ளிக்கோ."

இத்தனை வருடத்தில் அந்த வீட்டு வாசலில் சர்க்கரை கேட்டு நின்றிருக்கிறேன், ஊசி கேட்டு நின்றிருக்கிறேன். மறுநாள் காலையில் சேறு கேட்டு நின்றேன். லாட்ஜில் தண்ணீர் தூக்குகிற இரண்டு வாளி, ஒரு தட்டு முறம். நாள் கணக்கில் மூடிக் கிடந்த சேறு மேலே தோல் கட்டியிருந்தது. கிளறியதும் உள்ளேயிருந்து எழுந்த நாற்றத்தில் வாந்தி வந்தது. வாந்தியையும் சேர்த்தே அள்ளினேன். அதையும் கழிக்க மனம் வரவில்லை, பாதிப்புக்கு ஆகுமே. ஒவ்வொரு நடைக்கும் அவள் வீட்டுத் தரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்தது. பச்சைப் பூப்போட்ட டைல்ஸ். பதினைந்தாவது நடையில், மிச்சத்தையும் வழித்து எடுத்தால்தான் என்ன என்று என் கை தானாகவே மூலையைச் சுரண்ட ஆரம்பித்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு என் வீட்டை நாறடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரிந்தது.

முதல் வாளியோடு என் வாசலுக்கு வந்தபோது பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். பிறகு வெறும் காலோடுதான் எல்லா நடையும். தரையில் கவிழ்ப்பது சுலபம். சுவர்தான் கஷ்டம். கழுத்து உயரத்துக்குக் கையால் அப்பி, துடைப்பத்தால் இழுத்து, மேலே விளிம்பை ஒரே மட்டமாகக் கொண்டுவர வேண்டும். வெள்ளம் போட்ட மாதிரி அவ்வளவு நேராக எனக்கு வரவில்லை. ஒரு ஓரம் ஏறிவிடும், சரிசெய்தால் இன்னொரு ஓரம் இறங்கிவிடும். தண்ணீர் வந்தது நிஜம். என் கழுத்து வரை நின்றது நிஜம். அந்த நிஜத்துக்கு நானே உட்கார்ந்து பொய்ச் சாட்சி தயாரித்துக்கொண்டிருந்தேன். தூ என்று துப்பினேன், என் வீட்டுச் சுவரிலேயே. அதுவும் அதோடு சேர்ந்து வழிந்தது.

இரண்டாவது அதிகாரி மதியம் மூன்று மணிக்கு வந்தார். சின்ன வயதுக்காரர், முகமூடி போட்டிருந்தார், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். எதையும் கழற்றவில்லை. படியில் நின்று உள்ளே பார்த்து, போனை நீட்டிப் படம் எடுத்தார். உயரம் தெரிய வேண்டும், கோட்டுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்றார். நின்றேன். கொஞ்சம் இடது பக்கம் என்றார். நகர்ந்தேன். கையை அந்தக் கோட்டில் வைத்துக் காட்டச் சொன்னார். வைத்தேன். நான்கைந்து படம் எடுத்துவிட்டுப் பழைய தாளைப் புரட்டினார். புருவம் சுருங்கியது. இவரும் நல்ல மனிதராகத்தான் இருப்பார். யார் மீதும் ஒரு தப்பும் சொல்ல முடியாதபடிதான் எல்லாம் நடந்தது.

"அம்மா, ரெண்டு ரிப்போர்ட்டும் வேற வேற இருக்கு. இப்ப மேல இருந்து ஒருத்தர் வந்து பாத்துதான் முடிவு பண்ணணும்."

எப்போது வருவார் என்று கேட்டேன். பத்து நாளும் ஆகலாம், முன்னே பின்னேயும் ஆகலாம் என்றார். ஒரு வாரத்தில் எலும்பு தெரியும் என்று நர்ஸ் சொன்னதை இவரிடம் எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் படியிறங்கிவிட்டார். இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"அதுவரைக்கும் எதையும் தொடச்சிராதீங்க. அப்படியே இருக்கட்டும்."

முகாமுக்குப் போகும் வழியில் தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் குழாயில் கையைக் கழுவினேன். சோப்பு போட்டு, மண் போட்டு, மறுபடி சோப்பு போட்டுக் கழுவினேன். பின்னால் நின்றவர்கள் திட்டும்வரை கழுவினேன். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

மாமாவைப் புரட்டிப் போட வேண்டிய நேரம். லாட்ஜிலிருந்து நான் கொண்டுவந்து விரித்திருந்த வெள்ளை விரிப்பில், முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துப் படுத்திருந்தார். தோளுக்கடியில் கை கொடுத்துத் திருப்பும்போது அவர் மூக்கு சுருங்குவதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். உதடு ஒரு பக்கமாக இழுபட்டு, வெகு நேரம் முயன்று, பக்கத்துப் படுக்கைக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"நான்தான் நாறுறேனாம்மா?"

"இல்ல மாமா. என் கை."

அவர் நம்பவில்லை. இரண்டு வருடமாக அவர் எதற்குப் பயந்துகொண்டிருந்தாரோ அது வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கண் ஓரம் நனைந்தது. நான் கையை அவர் மூக்குக்குக் கீழே கொண்டுபோனேன். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். அசைகிற அந்த வலது கையால் விரிப்பின் நுனியை இழுத்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நகமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

"தொடைக்காதீங்க மாமா" என்றேன். அவர் கேட்கவில்லை. சுட்டு விரல் முடிந்து நடு விரலுக்குப் போனார். வெள்ளை விரிப்பில் ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. துணியை மடித்துச் சுத்தமான பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு, அவர் அடுத்த விரலைப் பிடித்தார்.