ஒரு நாள் முந்தி வரும் உறைபனி

1929ஆம் ஆண்டின் முதல் உறைபனி வயலில் விழவில்லை, சைமியின் சமையலறையில் விழுந்தது. ஆகஸ்ட் இருபது, காலை ஐந்தரை மணி. வெளியே ஒன்பது டிகிரி, கொசு பறந்துகொண்டிருந்தது. உள்ளே மேசைமேல், பெஞ்சின்மேல், அடுப்புச் சாம்பல்மேல்கூட உப்புத்தூள் கனத்துக்கு வெள்ளை படிந்திருந்தது. பால் வாளியின் விளிம்பில் ஊசி ஊசியாக நின்றது. அதே அறையின் மூலையில் கிடந்த கட்டிலில் அவள் படுத்திருந்த பக்கம் முழுவதும் வெள்ளை. கணவன் ரூபேனின் தோளருகே கோடு போட்டதுபோல் நின்றுவிட்டது. ரூபேன் எழுந்து, காலால் தரையைத் தேய்த்துப் பார்த்து, "வெளிய போய்ப் பாக்குற வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டுக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். மறுநாள் விடியலில் ஏரியைச் சுற்றி எல்லா வயல்களிலும் உறைபனி விழுந்தது. தன் வீட்டுக்கு மட்டும் ஏன் முந்தி வந்தது என்று சைமி யாரையும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

பின்லாந்தின் வடக்கே, ஹல்லா ஏரியின் அந்தக் கரையில் இருப்பது இரண்டே வீடுகள். மேட்டு வீடு சைமியுடையது. சதுப்பை ஒட்டிய பள்ளத்து வீடு எல்மாவுடையது, அவள் கணவன் தனேலியுடையது. தேவாலயத்துக்குப் படகில் மூன்று மணி நேரம். குளிர்ந்த காற்று தண்ணீரைப்போலத்தான், இறக்கம் பார்த்து ஓடிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் பார்லி ஒரு வாரம் முன்பே முற்றி அறுவடையாகிவிடும். பள்ளத்தில் அது பச்சையாக நிற்கும்போதே உறைபனி வந்துவிடும். பள்ளத்து வீட்டைக் காடு மறைத்திருப்பதால் அங்கிருந்து வானமும் ஏரியும் தெரியாது. ஆகவே அந்தக் கரையில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. மேட்டு வீடு வானத்தைப் பார்க்க வேண்டும். காற்று நின்று, மேகம் விலகி, வெப்பமானி நான்குக்குக் கீழே இறங்கினால், ஆட்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் மணியை அடிக்க வேண்டும். பள்ளத்து வீட்டார் எழுந்துபோய், வயல் ஓரமாகக் குவித்து வைத்திருக்கும் சதுப்பில் வெட்டிய, எரியக்கூடிய ஈரக் கரிமண்ணுக்கும் புதர்க்கட்டைக்கும் தீ வைப்பார்கள். புகை வயலை மூடிக்கொள்ளும். பயிர் பிழைக்கும். அதை நம்பித்தான் பள்ளத்து வீட்டார் தூங்குவார்கள்.

1928 ஜூலையில், தேவாலய வாசலில் பெண்கள் கூடி நின்றபோது எல்மா ஒரு பேச்சு பேசினாள். "மேட்டு வீட்டுக்காரிக்கு என்னடி கவலை? சூரியனே அவளுக்குப் பண்ணையாள். வருஷத்துக்கு ஒருதரம் மணி அடிக்கிறதுதான் அவ பாக்குற வேலை." எல்லாரும் சிரித்தார்கள். சைமியும் சிரித்தாள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு மாலை எட்டு மணிக்குக் காற்று நின்றது. ஏரி கண்ணாடியானது. வெப்பமானியில் மூன்று. ரூபேன் மாவரைக்கும் ஆலைக்குப் போயிருந்தான். அவர்களுடைய பார்லி ஏற்கெனவே களஞ்சியத்தில் இருந்தது. சைமி மணிக்கயிற்றைக் கையில் பிடித்தாள். தேவாலய வாசலின் சிரிப்பு காதில் விழுந்தது. கயிற்றை விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். பிந்தைய ஆண்டுகளில் வேறு எதையும்விட அந்தத் தூக்கம்தான் அவளை உறுத்தியது.

காலையில் எல்மா மேடேறி வந்தாள். தூரத்துப் புல்வெளியில் மூன்று நாள் மாட்டுக்குப் புல் அறுத்த களைப்பில், மணி அடிக்கும் என்று நம்பி, அவளும் தனேலியும் அயர்ந்து தூங்கிவிட்டார்கள். பார்லிக் கதிர் அத்தனையும் கண்ணாடிபோல் நின்று, வெயில் பட்டதும் கறுத்துத் தொங்கிற்று.

"மணி கேக்கலையே, சைமி."

"தூங்கிட்டேன்."

எல்மா அவள் தோளைத் தொட்டாள். "விடு. நீயும் மனுஷிதானே. போன மாசம் நான் பேசுனதை மனசுல வச்சுக்காதே."

அந்தக் குளிர்காலம் பள்ளத்து வீட்டில் பைன் மரப்பட்டை கலந்த ரொட்டி தின்றார்கள். ஒரு பசுவை விற்றார்கள். தனேலி வழக்கமாகப் போகாத மரம்வெட்டும் முகாமுக்குப் போனான். மார்ச் மாதம் உருண்ட கட்டை ஒன்று அவன் இடது காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வயல் ஓரத்தில் தீ வைக்கப்படாத குவியல்கள் வசந்தம் வரைக்கும் அப்படியே கிடந்தன.

அதற்கு அடுத்த ஆகஸ்டில்தான் உறைபனி சைமியின் வீட்டுக்குள் வந்தது. அதன்பின் ஆண்டு தவறாமல், ஊருக்கு வருவதற்குச் சரியாக ஒரு நாள் முன்பு வந்தது. இரண்டாம் ஆண்டே செய்தி பரவிவிட்டது. நான்காம் ஆண்டு பாதிரியார் சொந்த வெப்பமானியோடு வந்து ஐந்து நாள் தங்கினார். வெளியே எட்டு, உள்ளே பூஜ்யம் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, காப்பி குடித்து முடித்து, "அப்ப நம்ம உருளைக்கிழங்கை இன்னிக்கே தோண்டிடலாமா?" என்று கேட்டார். ஏரியைச் சுற்றியிருந்த பதினேழு வீடுகளும் சைமியின் சமையலறையைப் பார்த்து அறுவடை நாளை வைத்தன. நன்றிக்கு எதையாவது கொண்டுவந்தார்கள்: காப்பிக் கொட்டை, உப்பிட்ட மீன், வெண்ணெய், ஒருமுறை ஓர் ஆட்டுத்தோல். அவள் வேண்டாம் என்றால் அடக்கம் என்று நினைத்து இரண்டு மடங்காக வைத்துவிட்டுப் போனார்கள். காப்பிக் கொட்டையை அவள் வறுத்துப் பள்ளத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்மா ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னாள். அப்படி நன்றி சொன்ன நாளெல்லாம் சைமிக்கு ரொட்டி இறங்காது.

ஏழு ஆண்டு இப்படிப் போயிற்று. தனேலி தானே செதுக்கிய மரக்காலோடு வலை போடப் பழகியிருந்தான். 1935 செப்டம்பரில் குளிருக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. கிழங்கு குழிக்குள் போயிற்று. காளான் உப்பில் கிடந்தது. காட்டுச் செம்பழம் பீப்பாயில் நொதித்தது. மிச்சம் உள்ஜன்னல்கள்தான். கோடையில் கழற்றி வைத்த கண்ணாடிச் சட்டத்தை மறுபடி உட்புறமாகப் பொருத்தி, இடைவெளியில் உலர்ந்த பாசி நிரப்பி, விளிம்பெல்லாம் கம்பு மாவுப் பசையால் காகிதம் ஒட்ட வேண்டும். ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் ஒட்ட வேண்டிய வேலை என்பதால் ஆண்டுதோறும் எல்மா வருவாள். அன்று அவள் முக்காலிமேல் ஏறிச் சட்டத்தை இரண்டு கையாலும் தாங்கி நின்றாள். சைமி காகிதத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பாசி அடைக்கிறே, அது என்னவோ உள்ள வந்துக்கிட்டேதான் இருக்கு" என்றாள் எல்மா. "எந்தப் பொந்து வழியா வருதுன்னு பாத்தியா?"

சைமி தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "அன்னிக்கு நான் தூங்கல எல்மா. மூணு டிகிரி. பாத்தேன். கயித்தைப் பிடிச்சேன். அடிக்கல."

எல்மாவால் சட்டத்தை விட முடியாது. விட்டால் ஆறு கண்ணாடியும் போய்விடும். அவள் பிடித்தபடியே நின்றாள். சைமி ஒரு பக்கம் ஒட்டி முடித்தாள். இரண்டாம் பக்கமும் ஒட்டினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நான் பேசுனதுக்கா?"

"ஆமா."

"அந்த ஒரு பேச்சுக்கு."

"ஆமா."

மூன்றாம் பக்கம் ஒட்டும்போது எல்மா சட்டத்தை இறுக்கிப் பிடித்தாள். கண்ணாடி கிணுகிணுத்தது. "அப்ப வருஷா வருஷம் இங்க விழுறது உன் பனி இல்லடி. என்னோடது. என் பனிக்கு ஏரி முழுக்க உனக்குக் காப்பி குடுத்திருக்கு. அதை வறுத்து எனக்கே கொண்டாந்து குடுத்திருக்கே." நான்காம் பக்கம் ஒட்டி முடிந்ததும் முக்காலியிலிருந்து இறங்கினாள். பசைக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மற்ற ஜன்னல்களை ரூபேனை வைத்து ஒட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே பனியில் ஒரு காலடித் தடம்கூட விழவில்லை. ரூபேனுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவன் ஏசவில்லை. இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை.

சொல்லிவிட்டதால் நின்றுவிடும் என்று சைமி நம்பியிருந்தாள். 1936 ஆகஸ்ட் இருபத்துமூன்று, காலை ஐந்தரை மணிக்கு மேசை வெளுத்தது. அவள் எழுந்து உட்கார்ந்து தன் பக்கத்துப் போர்வையை உதறினாள். ஏழு மணிக்குக் கதவு திறந்தது. எல்மா நின்றாள். கையில் இரண்டு வாளி, மாவுத் தொட்டி சுரண்டும் கரண்டி ஒன்று.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

எல்மா உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். "இவ்வளவுதானா? என் வயல்ல எவ்வளவு கிடந்துச்சு தெரியுமா?"

"தெரியும். பாத்தேன்."

"பாத்தே. ஆமா, நீதான் பாக்குறதுல கெட்டிக்காரி." சுரண்டத் தொடங்கினாள். மேசை, பெஞ்சு, அடுப்புச் சாம்பல், பால் வாளி விளிம்பு. கட்டிலருகே போனதும் கரண்டியை நீட்டினாள். "இது உன் படுக்கை. நீயே சுரண்டு."

சைமி சுரண்டினாள். வாளிகளைப் பள்ளத்துக்குக் கொண்டுபோய், வயல் ஓர வாய்க்காலில் கொட்டினார்கள். தனேலி வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தான். "ரெண்டு பேருக்கும் மூளை கலங்கிப்போச்சு" என்றான். வெயில் ஏறியும் அது நண்பகல் வரை உருகாமல் கிடந்தது. அதற்குள் மூன்று பேருமாகப் பார்லியில் முக்கால்வாசி அறுத்துவிட்டார்கள்.

எல்மா மன்னித்தேன் என்று அன்று சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சைமியும் கேட்கவில்லை. போர் நடந்த ஆண்டுகளிலும் உறைபனி முந்தி வருவது தவறவில்லை, எல்மா வருவதும் தவறவில்லை. ரூபேன் 1951இல் இறந்தபின் கட்டிலின் அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தும் கோடு அதே இடத்தில்தான் நின்றது. காப்பியும் மீனும் கொண்டுவருகிறவர்கள் இப்போது பாதியை மேட்டிலும் பாதியைப் பள்ளத்திலும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். காரணம் யாரும் கேட்பதில்லை. வாளி தூக்கி இறங்கும் வழியில் இரண்டு பேரும் மாட்டைப் பற்றியும், மாவு விலையைப் பற்றியும், தனேலியின் மரக்கால் மழைக்கு ஊறிப்போவதைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். போன ஆண்டு அது ஆகஸ்ட் பத்தொன்பது அன்று வந்தது. ஒன்றரை வாளி தேறியது. நிறைந்ததைச் சைமி எடுத்துக்கொண்டாள்.